ரேடியோ மூலங்களை வகைப்படுத்த எந்த வான அளவாய்வு? என்.வி.எஸ்.எஸ்., ஃபர்ஸ்ட், டி.ஜி.எஸ்.எஸ்., லாட்ஸ் ஓர் ஒப்பீடு

ரேடியோ அலைகளை வலுவாக உமிழும் கேலக்ஸி, அதாவது ரேடியோ கேலக்ஸி, ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மையத்தில் பெருங்கருந்துளை ஒன்று உள்ளது. அதிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் பீறிட்ட இரண்டு தாரைகள் நெடுந்தொலைவு சென்று இரு மடல்களாக விரிந்திருக்கின்றன. வானில் அம்மடல்களுக்கு இடையே ஏறக்குறைய ஒரு வில்நிமிட (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) இடைவெளி காணப்படுகிறது. வானத்தை ரேடியோ அலைகளில் படம்பிடித்து, அலைகள் வரும் இடங்களை ‘மூலங்கள்’ என்று பட்டியலிடுபவை வான அளவாய்வுகள். இந்த ஒரே பொருள் என்.வி.எஸ்.எஸ். என்ற அளவாய்வின் அட்டவணையில் சற்றே நீண்ட ஒற்றை மூலமாகவும், ஃபர்ஸ்ட் என்ற அளவாய்வின் அட்டவணையில் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இரண்டு அல்லது மூன்று மூலங்களாகவும் பதிவாகியிருக்கக்கூடும். இரண்டு பதிவுகளும் பிழையானவை அல்ல. ஆனால் அட்டவணையின் வரிசை எண்களை அப்படியே கேலக்ஸிகளின் எண்ணிக்கையாகக் கொள்பவர் இரண்டிலும் தவறான விடைக்கே வந்து சேர்வார். வானத்தை வரைபடமாக்குவதும் அதில் உள்ளவற்றை வகைப்படுத்துவதும் வெவ்வேறு வேலைகள் என்பதையும், ஒன்றுக்குச் சிறந்த அளவாய்வு மற்றொன்றுக்குச் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை என்பதையும் மனத்தில் கொண்டே என்.வி.எஸ்.எஸ்., ஃபர்ஸ்ட், டி.ஜி.எஸ்.எஸ்., லாட்ஸ் என்ற நான்கு அளவாய்வுகளையும் ஒப்பிட வேண்டும்.

முதல் இரண்டும் ஒரே கருவியில் பிறந்தவை என்பதால் அவற்றின் ஒப்பீடே மிகவும் பயனுள்ளது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள வி.எல்.ஏ. தொலைநோக்கியின் 27 அலைவாங்கிகளும் தண்டவாளங்களின் மீது நகர்த்தக்கூடியவை. அவற்றை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பரப்புக்குள் நெருக்கி வைத்து 1993 முதல் 1996 வரை முதன்மையாக நடத்தப்பட்டது என்.வி.எஸ்.எஸ்.; 11 கிலோமீட்டர் வரை விரித்து வைத்து 1993 முதல் 2011 வரை நடத்தப்பட்டது ஃபர்ஸ்ட். இரண்டுக்கும் அதிர்வெண் 1.4 ஜிகாஹெர்ட்ஸ், அதாவது அலைநீளம் 21 சென்டிமீட்டர். அலைவாங்கிகளின் இடைவெளி கூடினால் பிரிதிறன் (அருகருகே உள்ளவற்றைப் பிரித்துக் காட்டும் திறன்) கூடும் என்ற விதிப்படி, முன்னது 45 வில்விநாடிப் (வில்விநாடி என்பது வில்நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு) பிரிதிறனையும் பின்னது 5 வில்விநாடிப் பிரிதிறனையும் எட்டின. நடுவரை விலக்கம் (புவியின் அட்சரேகையைப் போல வானில் வடக்கு-தெற்கு இடத்தைக் குறிக்கும் கோணம்) −40 பாகைக்கு வடக்கே உள்ள வானம் முழுவதையும், அதாவது மொத்த வானத்தில் 82 சதவீதத்தை, என்.வி.எஸ்.எஸ். படம்பிடித்து, சுமார் 18 லட்சம் மூலங்களைப் பட்டியலிட்டது. ஃபர்ஸ்ட் சுமார் 10,600 சதுரப் பாகைப் பரப்பில் நின்றுகொண்டு 9.46 லட்சம் மூலங்களைத் தந்தது.

இந்த எண்களை மட்டும் பார்த்தால், ஃபர்ஸ்ட் கூர்மையானது, என்.வி.எஸ்.எஸ். அகலமானது என்று சொல்லி முடித்துவிடத் தோன்றும். ஆனால் முக்கியமான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. அலைவாங்கிகளை விரித்து வைக்கும்போது குறுகிய இடைவெளிகள் இல்லாமற்போகின்றன. அவை இல்லாத தொகுப்பால், பரந்து மங்கிய உமிழ்வை உணரவே முடியாது. எனவே ஃபர்ஸ்ட் படங்களில் மடல்களின் ஒளிர்முனைகள் துல்லியமாகத் தெரிய, அவற்றை இணைக்கும் மெல்லிய பகுதி காணாமற்போகிறது, மூலத்தின் மொத்தப் பாய அடர்த்தியும் (நம்மை வந்தடையும் ரேடியோ அலைகளின் வலிமை) குறைவாக அளவிடப்படுகிறது. என்.வி.எஸ்.எஸ். அந்த உமிழ்வை இழப்பதில்லை, ஆனால் அதன் வடிவத்தைச் சொல்ல முடியாது. ஒரு மூலத்தின் மொத்த ஆற்றல் எவ்வளவு என்று கேட்பவர் என்.வி.எஸ்.எஸ்.ஐ நம்பலாம், அது வானின் எந்தக் கேலக்ஸியில் அமர்ந்திருக்கிறது என்று கேட்பவருக்கு, ஒரு வில்விநாடிக்கும் குறைந்த இடப்பிழை கொண்ட ஃபர்ஸ்டே துணை. 2013 டிசம்பரில் தொடங்கிய ரேடியோ கேலக்ஸி ஜூ என்ற பொதுமக்கள் திட்டத்தில், தன்னார்வலர்கள் பெரும்பாலும் ஃபர்ஸ்ட் படங்களை வைஸ் விண்கலத்தின் அகச்சிவப்புப் படங்களோடு சேர்த்துப் பார்த்து, சிதறிக் கிடந்த கூறுகளில் எவை ஒரே கேலக்ஸிக்கு உரியவை என்று பொருத்தித் தந்தார்கள். கூர்மையான படம் எவ்வளவு மனித உழைப்பைக் கேட்கும் என்பதற்கு இதுவே சான்று.

என்.வி.எஸ்.எஸ்.க்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது முனைவாக்கத்தையும், அதாவது அலைகள் ஒரே திசையில் அதிரும் போக்கையும், அளந்தது. அதன் தரவுகளிலிருந்து 2009இல் 37,543 மூலங்களுக்கு ஃபாரடே சுழற்சி (காந்தப்புலத்தினூடே வரும்போது அந்த அதிர்வுத் திசை திரும்புதல்) மதிப்புகள் கணிக்கப்பட்டு, பால்வீதியின் காந்தப்புலத்தை ஆராய அவை இன்றும் பயன்படுகின்றன.

டி.ஜி.எஸ்.எஸ். வேறொரு திசையிலிருந்து வருகிறது. புனே அருகே கோடாட் கிராமத்தில், 25 கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள, 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளைக் கொண்ட ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கி, 150 மெகாஹெர்ட்ஸில் எடுத்த அளவாய்வு இது. இதே தொலைநோக்கியை உருவாக்கிய ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப், அதற்கு முன்பு நீலகிரியில் முத்தோரையில் 530 மீட்டர் நீளமுள்ள ஊட்டி ரேடியோ தொலைநோக்கியை 1970இல் செயற்படச் செய்தவர். நிலவின் விளிம்பு ஒரு மூலத்தை மறைக்கும்போது குறிகை தணியும் விதத்திலிருந்து அதன் கோண அளவைக் கணிக்கும் முறையில், அங்கு மிகப் பல மூலங்கள் அளக்கப்பட்டன. மங்கலான மூலங்கள் சராசரியாகச் சிறிய கோண அளவு கொண்டவை என்ற அந்தக் கண்டறிதல், அண்டம் காலத்தோடு மாறிவருகிறது என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தது. அளவு என்ற ஒரே பண்பைக் கொண்டு இவ்வளவு பெரிய கேள்வியைத் தொட முடிந்தது என்பதை, படங்கள் மலிந்துவிட்ட இக்காலத்தில் நாம் மறந்துவிடக் கூடாது.

2017இல் ஹூயிப் இன்டெமாவும் உடனாய்வாளர்களும் மறுசெயலாக்கம் செய்து வெளியிட்ட டி.ஜி.எஸ்.எஸ். படங்கள் வானின் 90 சதவீதத்தை, நடுவரை விலக்கம் −53 பாகை வரை, 25 வில்விநாடிப் பிரிதிறனில் காட்டுகின்றன. மூலங்கள் சுமார் 6.2 லட்சம். இரண்டு மீட்டர் அலைநீளத்தில், புவியின் வளிமண்டலத்தில் மின்னூட்டம் பெற்ற மேலடுக்கான அயனிமண்டலம் ஒவ்வொரு திசையிலும் வெவ்வேறு விதமாகக் குறிகையைத் திரிப்பதால், திசைவாரியான அளவுத்திருத்தம் இல்லாமல் இப்படங்கள் சாத்தியமாகியிருக்கா.

இதன் தனிப்பயன் நிறமாலைச் சுட்டெண்ணில் இருக்கிறது. ஒரே மூலத்தின் பாய அடர்த்தியை 150 மெகாஹெர்ட்ஸிலும் 1.4 ஜிகாஹெர்ட்ஸிலும் ஒப்பிட்டால், அது அதிர்வெண்ணோடு எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறது என்பது தெரிந்துவிடும். காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்களால் ஒளிரும் மடல்களுக்கு இச்சுட்டெண் −0.7 அல்லது −0.8 அளவில் இருக்கும்; நம்மை நோக்கித் தாரையை நீட்டியிருக்கும் செறிவான மையக்கருக்களுக்கு அது பூஜ்யத்தை ஒட்டி நிற்கும்; மிகச் செங்குத்தான நிறமாலை மிகத் தொலைவிலுள்ள கேலக்ஸியையோ பல்சாரையோ (வேகமாகச் சுழலும் விண்மீன் எச்சம்) சுட்டக்கூடும். அப்படித் தேர்ந்தெடுத்த ஒரு டி.ஜி.எஸ்.எஸ். மூலம்தான், சிவப்புப்பெயர்ச்சி (கூடக் கூடத் தொலைவு கூடுவதைக் காட்டும் அளவு) 5.72 கொண்ட ரேடியோ கேலக்ஸியாக 2018இல் அறிவிக்கப்பட்டது.

ஆயினும் இங்கே ஒரு பொறி இருக்கிறது. டி.ஜி.எஸ்.எஸ். படங்களின் இரைச்சல், அதாவது மங்கலான மூலங்களை மறைக்கும் பின்னணி ஏற்ற இறக்கம், சுமார் 3.5 மில்லிஜான்ஸ்கி (பாய அடர்த்தியின் அலகு). என்.வி.எஸ்.எஸ். அட்டவணையின் கீழெல்லையான 2.5 மில்லிஜான்ஸ்கி மூலம் ஒன்று வழக்கமான நிறமாலை கொண்டிருந்தால், 150 மெகாஹெர்ட்ஸில் சுமார் 12 மில்லிஜான்ஸ்கியாக இருக்கும்; இரைச்சலைப் போல ஏழு மடங்கு இருந்தால்தான் டி.ஜி.எஸ்.எஸ். அதைப் பட்டியலில் சேர்க்கும் என்பதால் அது விடுபட்டுவிடும். அதாவது, இரண்டு அட்டவணைகளிலும் இருக்கும் மங்கலான மூலங்களை மட்டும் எடுத்துச் சராசரி காண்பவர், வானம் உண்மையில் இருப்பதைவிடச் செங்குத்தான நிறமாலை கொண்டது என்று முடிவு செய்துவிடுவார். இவ்விரண்டு அளவாய்வுகளும் படம்பிடித்த காலங்களுக்கு இடையே ஏறத்தாழ பதினைந்து ஆண்டு இடைவெளி இருப்பதால், இடைக்காலத்தில் பிரகாசம் மாறிய குவாசர்களுக்குக் (மிகப் பிரகாசமான கேலக்ஸி மையங்கள்) கிடைக்கும் சுட்டெண்ணும் நம்பத்தக்கதல்ல. வானின் சில பகுதிகளில் டி.ஜி.எஸ்.எஸ். பாய அளவுகோலே பிசகியிருப்பதும் பின்னர் தெரியவந்தது. தனி மூலங்களைத் தேடிப் பிடிக்க இது அருமையான அளவாய்வு. புள்ளியியல் முடிவுகளுக்கு இதை எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும்.

நெதர்லாந்தை மையமாகக் கொண்ட லோஃபார் தொலைநோக்கியின் லாட்ஸ் அளவாய்வு, முன்னிருந்தவை ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்தவற்றை ஒரே படத்தில் சேர்த்தது. 144 மெகாஹெர்ட்ஸில் 6 வில்விநாடிப் பிரிதிறனும் 0.083 மில்லிஜான்ஸ்கி இரைச்சலும் கொண்ட அதன் இரண்டாம் வெளியீடு, 2022இல், வடவானின் 27 சதவீதத்தில் ஏறத்தாழ 44 லட்சம் மூலங்களைத் தந்தது. வழக்கமான நிறமாலையை வைத்து 1.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பார்த்தால், இந்த இரைச்சல் ஃபர்ஸ்டின் இரைச்சலில் ஒன்பதில் ஒரு பங்குதான். நிலையங்கள் நடுவில் அடர்ந்தும் வெளியே பரந்தும் அமைந்திருப்பதால், ஒளிர்முனையும் பரந்த மடலும் சேர்ந்தே தெரிகின்றன. இரண்டு கோடியே 30 லட்சம் ஒளியாண்டு நீளமுள்ள தாரை அமைப்பொன்று 2024இல் லோஃபார் தரவுகளிலிருந்து அறிவிக்கப்பட்டதற்கு இத்திறனே காரணம்.

வகைப்பாட்டையே அசைத்தது இதன் முக்கிய விளைவு என்பது என் கருத்து. மையத்தருகே பிரகாசமானவை முதல் வகை, முனைகளில் பிரகாசமானவை இரண்டாம் வகை என்று வானியலாளர்கள் ஃபனராஃப், ரைலி இருவரும் ரேடியோ கேலக்ஸிகளை 1974இல் பிரித்தபோது, குறிப்பிட்ட ஒளிர்திறனுக்குக் கீழே முதல் வகையும் மேலே இரண்டாம் வகையும் அமைந்தன. கேம்பிரிட்ஜின் மூன்றாம் ரேடியோ மூல அட்டவணையில் இருந்த பிரகாசமான மூலங்களை மட்டுமே அவர்கள் பார்க்க முடிந்தது. லாட்ஸின் முதல் வெளியீட்டை ஆராய்ந்தவர்களோ, அந்த எல்லைக்கு மிகக் கீழேயும் இரண்டாம் வகைக் கேலக்ஸிகள் கணிசமாக இருப்பதை 2019இல் காட்டினார்கள். ஒளிர்திறனைக் கொண்டு வடிவத்தை ஊகிக்கும் பழக்கம் இனிமேல் செல்லாது.

தென்வானத்துக்கு லாட்ஸ் கிடையாது. அங்கே ஆஸ்திரேலியாவின் ஆஸ்காப் தொலைநோக்கி, 2020இல் வெளியான தன் ராக்ஸ் அளவாய்வின் முதற்சுற்றில், சுமார் 300 மணிநேரத்தில் வானின் 83 சதவீதத்தைப் படம்பிடித்தது. ஏறத்தாழ 15 வில்விநாடிப் பிரிதிறன் வடிவங்களுக்குச் சற்றே போதாது என்றாலும் இடத்தையும் பாய அடர்த்தியையும் நன்றாகவே தருகிறது. வி.எல்.ஏ. தொலைநோக்கியில் 2017இல் தொடங்கிய வி.எல்.ஏ.எஸ்.எஸ். அளவாய்வு 2.5 வில்விநாடிக் கூர்மையும், ஒரே வானத்தை மூன்று முறை பார்க்கும் திட்டமும் கொண்டது. மாறும் மூலங்களைத் தேடுபவருக்கு அதற்கு நிகரில்லை, பரந்த மடல்களைத் தேடுபவருக்கு அது ஃபர்ஸ்டைவிடவும் உதவாது.

வடவானில் வடிவ வகைப்பாடு செய்பவர், லாட்ஸ் உள்ள இடத்தில் அதிலிருந்தே தொடங்க வேண்டும். இல்லாத இடத்தில் என்.வி.எஸ்.எஸ். படத்தில் முழு உமிழ்வின் எல்லையைக் குறித்துக்கொண்ட பிறகே ஃபர்ஸ்டைத் திறக்க வேண்டும், ஏனெனில் துண்டுகளிலிருந்து தொடங்குபவர் எங்கே நிறுத்துவது என்று அறிய வழியில்லை. லாட்ஸின் மூலங்களில் மிகப் பெரும்பாலானவை 6 வில்விநாடியிலும் வெறும் புள்ளிகளாகவோ சிறு பொட்டுகளாகவோதான் தெரிகின்றன. அவற்றில் கருந்துளையால் ஒளிர்பவை எவை, விண்மீன் பிறப்பால் ஒளிர்பவை எவை என்பதை எந்த ரேடியோ வரைபடமும் தனித்து முடிவு செய்யாது. லா பால்மா தீவின் 4.2 மீட்டர் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட வீவ் நிறமாலைமானி (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) லோஃபார் மூலங்களின் நிறமாலைகளை எடுக்கும் திட்டம் இதற்காகவே வகுக்கப்பட்டது.