மாதிரி எஞ்சினின் பிஸ்டனுக்கு ரப்பர் வளையமா, வார்ப்பிரும்பு வளையமா?

வீட்டுப் பட்டறையில் கடைந்து முடித்த சிறு பெட்ரோல் எஞ்சின் கிளம்பவில்லையெனில், முதலில் ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சில சொட்டு எண்ணெய் விட்டு ஃபிளைவீலைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். அழுத்தம் கூடினால் கசிவு பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே அடைக்கும் பிஸ்டன் வளையத்தில் இருக்கிறது, கூடாவிட்டால் பெரும்பாலும் வால்வில் இருக்கும்.

வளையம்தான் காரணமெனில், வைட்டான் ரப்பர் வளையம் முதல் நாளே நன்றாக அடைக்கும், ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கும். ஆனால் பிஸ்டனில் வெட்டிய காடியின் ஆழம் சற்றே குறைந்தாலும் வளையம் அதிகமாக நசுங்கி, அந்த உராய்வே எஞ்சினை நிறுத்திவிடும். வார்ப்பிரும்பு வளையமோ பொருத்தும்போதே ஒடியக்கூடியது, வளையத்தின் இரு முனைகளுக்கு இடையிலான இடைவெளியை அரத்தால் பொறுமையாகச் சரிசெய்ய வேண்டியது, சிலிண்டரோடு பழகும்வரை சிறிது கசியவும் செய்வது. எனினும் நீண்ட நேரம் சூடாக ஓடும் எஞ்சினுக்கு நான் இதையே தேர்ந்தெடுப்பேன். நீர்த்தொட்டியால் குளிர்ந்து, மெதுவாக, எப்போதாவது ஓடும் எஞ்சினுக்கு வைட்டான் போதும்.