பேய்க் குறும்படத்துக்கு யாரிடம் பணம் கேட்பது? சேலத்திலிருந்து ஓர் ஒப்பீடு

போன மார்கழியில் ஏற்காட்டில், ஒரு காபி எஸ்டேட் பங்களாவில், கால் மணி நேரத் திகில் படம் ஒன்றை எடுத்து முடித்தோம். பணம் தேடிய காலத்தில் எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. சீட்டு எடுத்துச் சொந்தப் பணத்தைப் போடுவது. சேலத்துக் கடைகளிடம் விளம்பரத்துக்கு ஈடாக வாங்குவது. ஒரே ஆளைத் தயாரிப்பாளராகப் பிடிப்பது. தெரிந்தவர்களிடம் ஐந்நூறும் ஆயிரமுமாகச் சேர்ப்பது. நாங்கள் போனது நாலாவது வழியில். இன்று யார் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். மற்ற மூன்று வழிகளிலும் நல்ல படம் எடுத்த நண்பர்கள் உண்டு என்பதால் அவற்றையும் சேர்த்தே எடை போடுகிறேன்.

வட்டிக்கு வாங்குவதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. குறும்படம் போட்ட பணத்தைத் திருப்பித் தராது. யூடியூபில் விளம்பர வருமானம் வர வேண்டுமானால் சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஒற்றைப் படத்தை வைத்து அதை எட்டுவது அபூர்வம். அப்படி இருக்க, வட்டி கட்டப் பணம் எங்கிருந்து வரும்?

முதலில் சீட்டு. சேலத்தில் ஏலச்சீட்டு போடாத தெரு இல்லை. யாரிடமும் கையேந்த வேண்டாம், யாரும் கதையில் கை வைக்க மாட்டார்கள் என்பது இதன் பெரிய பலம். ஆனால் அவசரத்துக்குத் தள்ளி எடுத்தால், அதாவது ஏலத்தில் பெரிய தொகையை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே எடுத்தால், கைக்கு வரும் தொகை நன்றாகவே குறைந்துவிடும். பதிவு பெற்ற சீட்டிலும் நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம். சீட்டு நிதிச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்கு முன் அது 5 ஆக இருந்தது. படம் எடிட்டிங்கில் இருக்கும்போது மாதாமாதம் தவணையும் ஓடிக்கொண்டிருக்கும். மாதச் சம்பளமும் குடும்பப் பொறுப்புக் குறைவும் இருக்கிறவர்களுக்கு இது சரியான வழிதான்.

அடுத்து கடைகள். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம், இளம்பிள்ளையில் சேலை, ஜவ்வரிசி ஆலைகள் என்று சேலத்தில் பணம் புழங்கும் தொழில்களுக்குக் குறைவில்லை. கல்லூரி விழாவுக்கும் கோயில் திருவிழாவுக்கும் தாராளமாகத் தருகிற கைகள் அவை. ஆனால் திகில் படம் என்றதும் கதை மாறிவிடுகிறது. ஒரு வெள்ளிக்கடைக்காரர் எங்களை உட்கார வைத்து, காபி வாங்கிக் கொடுத்து, கதையை முழுக்கக் கேட்டார். கடைசியில், "தம்பி, கல்யாணத்துக்குக் கொலுசு வாங்க வர்ற இடமுங்க இது. பேய்ப் படத்துல கடை பேரு வந்தா நல்லாருக்குமுங்களா? காதல் கதை எடுங்க, நானே தர்றேன்" என்றார். அவர் சொன்னதில் எனக்கு வருத்தமே இல்லை, மங்கலப் பொருள் விற்கிறவர் அப்படித்தான் நினைப்பார். தர முன்வந்த வேறு சிலரும் பாதியை இப்போதும் மீதியைப் படம் வெளியான பிறகும் தருவதாகச் சொன்னார்கள். இந்த மீதிப் பாதிக்குக் கீழே திரும்ப வருகிறேன்.

தனித் தயாரிப்பாளர் விஷயத்தில் எனக்கு நேரடி அனுபவம் கிடையாது, பேச்சுவார்த்தையோடு நின்றுவிட்டது. பார்த்தவரை, மொத்தப் பணமும் ஒரே நாளில் கைக்கு வரும், அலைச்சல் மிச்சம். ஆனால் அண்ணன் மகனுக்கு ஒரு வேடம், நடுவில் ஒரு பாட்டு என்று கோரிக்கைகள் பின்னாலேயே வரும். கதையைப் புரிந்துகொண்டு ஒதுங்கி நிற்கிற ஒருவர் அமைந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு அவரிடம் போய்விடலாம். எழுத்தில் ஒப்பந்தம் மட்டும் கட்டாயம் வேண்டும். படத்தின் உரிமை யாருக்கு, திரைவிழாவுக்கு யார் அனுப்புவது, இணையத்தில் எப்போது ஏற்றுவது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை இந்த நான்கையும் பிரித்துக் காட்டுகிற விஷயம் ஒன்றுதான்: கடைசிக் கட்டத்துக்கு, அதாவது ஒலிக்கு, பணம் எங்கிருந்து வரும் என்பது.

திகில் படத்தில் பயம் படப்பிடிப்புத் தளத்தில் பிறப்பதில்லை. எடிட்டிங் முடித்து, ஒலி எதுவும் சேர்க்காத பிரதியை அம்மாபேட்டையில் நண்பர் வீட்டு ஹாலில் போட்டுப் பார்த்தோம். ஒரு பெண் விளக்கைப் பிடித்துக்கொண்டு நீளமான நடைக்கூடத்தில் போகிறாள், ஒரு கதவின் தாழ்ப்பாளைத் தொடுகிறாள். முறத்தில் அரிசி புடைத்தபடி உள்ளே வந்த நண்பரின் அம்மா, "என்னப்பா, கரண்ட் போன வீட்டையே காட்டிட்டு இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். சில வாரம் கழித்து அதே காட்சியை ஒலியோடு போட்டோம். எஸ்டேட்டில் ராத்திரி பதிவு செய்த சில்வண்டுச் சத்தம் காட்சி முழுக்க ஓடுகிறது. பலகைத் தரை முனகுகிறது. சிமெண்டுத் தரையில் ஈரச் சாக்கை இழுத்துப் பதிவு செய்த ஒரு சத்தம், எங்கோ தள்ளி, ஒரே ஒரு முறை. அவள் விரல் தாழ்ப்பாளில் பட்டதும் சில்வண்டு நின்றுவிடுகிறது. அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை. அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு முழுப் படத்தையும் நின்றே பார்த்தார்.

இந்த வேலைக்குச் செலவு அதிகம். ஒலி வடிவமைப்பு தெரிந்தவர் பெரும்பாலும் சென்னையிலோ கோவையிலோ இருப்பார். ஸ்டூடியோ வாடகை மணிக்கணக்கில் ஏறும். பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் போனில்தான் பார்ப்பார்கள். ஆழ்ந்த உறுமல் சத்தம் போன் ஸ்பீக்கரில் வரவே வராது. அதனால் அதே சத்தத்தோடு போனிலும் கேட்கிற உயர்ந்த சுருதிச் சத்தம் ஒன்றைச் சேர்த்து, போனிலும் ஹெட்போனிலும் மாற்றி மாற்றிப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். எங்கள் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதற்கே போனது. வாகனம், சாப்பாடு, ஜெனரேட்டர், கேமரா வாடகை எல்லாம் முடிந்து கையில் இருந்ததெல்லாம் கரைந்த பிறகுதான் இந்தக் கட்டம் வருகிறது.

திகில் படத்துக்கே உரிய சங்கடமும் இங்கேதான். கடைசித் தவணை எப்போது தேவைப்படுகிறதோ அப்போதுதான் படம் பார்க்க ஆக மோசமாக இருக்கும். நகைச்சுவைப் படத்தின் அரைகுறைப் பிரதியைக் காட்டினால்கூட ஆள் சிரித்துவிடுவார். ஒலியில்லாத பேய்ப் படத்தைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். அந்த நேரத்தில் தயாரிப்பாளர் பிரதியைப் பார்த்தால் நம்பிக்கை இழப்பார், பாட்டு வை, வெட்டு, ரத்தம் காட்டு என்று சொல்லத் தொடங்குவார். கடைக்காரர் தரும் மீதிப் பாதி வெளியீட்டுக்குப் பிறகு வரும், ஒலி வேலையோ வெளியீட்டுக்கு முன்னால் முடிய வேண்டும். சீட்டுப் பணம் தீர்ந்திருக்கும். அந்தச் சமயத்தில் அவசரத்துக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அலறலையும் வயலின் கீச்சலையும் ஒட்டி வெளியிட்ட படங்கள் எத்தனையோ பார்த்தாகிவிட்டது.

சிறுதொகை சேர்ப்பதில் மட்டும் இரண்டாம் முறை கேட்க இடம் இருக்கிறது. படப்பிடிப்புக்கு ஒரு சுற்று, ஒலிக்கு ஒரு சுற்று என்று தொடக்கத்திலேயே எல்லாரிடமும் சொல்லிவிட்டோம். இரண்டாவது சுற்றுக்கு முழுப் படத்தைக் காட்டவில்லை. அந்தத் தாழ்ப்பாள் காட்சிக்கு மட்டும் கைக்காசு போட்டு ஒலியை முடித்து, ஒரு நிமிடத்துக்கும் குறைவான துண்டாக அனுப்பினோம். ராத்திரியில் ஹெட்போன் போட்டுப் பாருங்கள் என்று ஒரு வரி. முதல் சுற்றில் தந்தவர்களில் பலர் மறுபடி தந்தார்கள், முதலில் யோசித்தவர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள்.

துண்டைக் காட்டிப் பணம் கேட்பது பழைய வழக்கம். அமெரிக்காவில் இயக்குநர் சாம் ரெய்மியும் நண்பர்களும் 1978-ல் அரை மணி நேரப் படம் ஒன்றை எடுத்து, அதைக் காட்டித்தான் ஊர்க்காரர்களிடம் முதலீடு திரட்டி 1981-ல் 'ஈவில் டெட்' திகில் படத்தைக் கொண்டுவந்தார்கள். பக்கத்தில் கேரளத்தில் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடேசா என்ற திரைப்படக் கூட்டமைப்பும் மக்களிடம் நேரில் போய்ச் சேர்த்த பணத்தில் 1986-ல் 'அம்மா அறியான்' படத்தை எடுத்தார்கள். நம் ஊரிலும் சினிமா என்றால் மரியாதை இருக்கிறது. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. இன்று ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு நிற்கிறது. எங்களுக்கு முதலில் பணம் தந்த பெரியவரின் அப்பா அங்கே செட் தச்சராக இருந்தவர். கதை என்ன என்றுகூட அவர் கேட்கவில்லை, எந்த மரத்தில் கதவு செய்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்டார்.

இந்த வழியில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. லாபத்தில் பங்கு, பணம் இரட்டிப்பு என்று எதையும் வாயால்கூடச் சொல்லாதீர்கள். பலரிடம் அப்படிச் சொல்லிப் பணம் வாங்குவது பெரிய சட்டச் சிக்கல். டைட்டிலில் பெயர், சேலத்தில் ஒரு திரையிடலுக்கு அழைப்பு, இவை போதும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் அன்பளிப்பாக வருவது மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானக் கணக்கில் சேரும் என்பதால், யார் பெயரில் வாங்குவது என்று முதலிலேயே ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவோ நண்பரோ தர முன்வந்தால், வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தையும் சேர்த்துக் கேளுங்கள். படத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதற்கு மட்டும் ஒரு க்யூஆர் கோடு. ஜெனரேட்டர் டீசல் ரசீதிலிருந்து எஸ்டேட் வாட்ச்மேனுக்கு வாங்கிய பரோட்டா வரை வாட்ஸ்அப் குழுவில் போட்டோம். இரண்டாம் சுற்றில் பணம் வந்ததற்கு அந்த ரசீதுகளும் பாதிக் காரணம் என்று நம்புகிறேன்.

அலைச்சல் உண்டு, அதை மறைக்கவில்லை. ஒவ்வொருவரிடமும் நேரில் போக வேண்டும், குழுவில் போடும் பொதுச் செய்திக்கு யாரும் அசைய மாட்டார்கள். இரண்டு மூன்று லட்சத்துக்கு மேல் போகும் படத்துக்கு இந்த வழி தாங்குமா என்பதை நான் பார்த்ததில்லை. ஒருவரிடம் இரண்டு சுற்று கேட்டுவிட்டு அடுத்த வருடமே அடுத்த படத்துக்கும் போய் நிற்க முடியாது என்பது மட்டும் தெரிகிறது.

இணையக் கூட்டுநிதித் தளங்களையும் பார்த்தோம். கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவிலிருந்து யாரும் தம் பெயரில் திட்டம் தொடங்க முடியாது. இங்குள்ள தளங்கள் கமிஷன் எடுக்கும். முன்பின் தெரியாதவர்களிடம் போய்ச் சேர அவை உதவலாம். ஆனால் எங்களுக்குத் தந்தவர்கள் எல்லாரும் முகம் தெரிந்தவர்கள், அவர்கள் பணத்தில் ஒரு பங்கைத் தளத்துக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

கடைக்காரர்களை முழுக்க விட்டுவிடவும் வேண்டாம். பணமாகக் கேட்டால் தயங்குகிறவர்கள் பொருளாகக் கேட்டால் தருகிறார்கள். ஒருவர் ஜீப் கொடுத்தார், இன்னொருவர் அரிசியும் பருப்பும். ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தினமும் ஏறி இறங்குகிற ஒரு குழுவுக்கு ஜீப் எவ்வளவு பெரிய உதவி என்பது போனவர்களுக்குத் தெரியும். பேர் போடவும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

கேட்கும் நேரமும் முக்கியம். ஆடியில் கல்யாணம் இல்லை, கல்யாண வீடியோக்காரர்களின் கேமராவும் விளக்கும் சும்மா இருக்கும். மாதிரித் துண்டை அப்போது எடுத்துவிடலாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் யாரிடமும் போகாதீர்கள். கார்த்திகை முதல் சம்பளம் வந்த பிறகு முதல் சுற்று. மார்கழியில் மறுபடி கேமரா வாடகை இறங்கும், மலையில் பனிமூட்டமும் இருக்கும், அப்போது படப்பிடிப்பு. காப்புக்காட்டுக்குள் எடுப்பதாக இருந்தால் வனத்துறை அனுமதிக்கு அதற்கும் வெகு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பொங்கல் செலவு முடிந்து மாசி பிறந்ததும், ஒலி முடித்த துண்டோடு இரண்டாம் சுற்றுக்குக் கிளம்பலாம்.