“சிவப்பெல்லாம் செத்த மூளை” என்று காசு பறிக்கிறார்கள்: வன்னிச் சனத்துக்கு ஓர் எச்சரிக்கை

தலையில் அடிபட்டவர்களை, “அரசாங்க ஆஸ்பத்திரி ஸ்கேனில் தெரியாத காயத்தை நாங்கள் கலரில் காட்டுவம்” என்று யாரும் கூப்பிட்டால் தயவுசெய்து போகாதேங்கோ. என் அத்தானுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

இரவில் ஏ9 வீதியில் படுத்திருந்த மாட்டோடு மோதி மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்தார். கொஞ்ச நேரம் நினைவில்லை. எப்படி விழுந்தார் என்று இன்றைக்கும் அவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள்: இரத்தக்கசிவு இல்லை, மண்டையோடு வெடிக்கவில்லை. “மூளை குலுங்கியிருக்கு. ரெண்டு நாள் ஓய்வெடுத்திட்டு மெல்ல மெல்ல வேலையைத் தொடங்குங்கோ” என்றார் டொக்டர்.

ஆனால் தலையிடி விடவில்லை. வெயிலில் நிற்க ஏலாது, பிள்ளைகள் சத்தம் போட்டால் எரிந்து விழுவார். ஸ்கேன் நோர்மல் என்றால் ஏன் இப்படி என்று அக்கா பயந்துபோனா. அந்த நேரம் பார்த்துத்தான் ஒருவர் வந்து ஒரு தனியார் இடத்தைச் சொன்னார்.

அங்கே தலையில் வயர்த் தொப்பி போட்டு, ஜெல் பூசி இருத்தினார்கள். டியூப் லைட் வெளிச்சம் கண்ணைக் குத்த, அத்தான் நெற்றியைச் சுருக்கிப் பல்லைக் கடித்தபடி இருந்தார். பிறகு ஒரு தாள் வந்தது, நெற்றிப் பக்கம் முழுக்கச் சிவப்பு. “பாருங்கோ அக்கா, சிவப்பெல்லாம் செத்த மூளை.” அக்கா அங்கேயே அழத் தொடங்கிவிட்டா. குளிசை, “மூளைப் பயிற்சி” என்று சிறுபோக நெல் வித்த காசு அவ்வளவும் போனது. ரசீதில் “சேவைக் கட்டணம்” என்று மட்டும்தான் இருக்கிறது.

நரம்பியல் கிளினிக்கில் அந்தத் தாளைக் காட்டினோம். டொக்டர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். அது ஸ்கேனே இல்லை, மூளையின் மின் அலைகளைப் பதிந்து நிறம் தீட்டியது. பல்லைக் கடித்தாலும், நித்திரை இல்லாவிட்டாலும், சில குளிசைகளாலும் அந்த நிறம் மாறும். செத்த இடத்தை அது காட்டாது. சி.டி. எடுப்பது உடனே சத்திரசிகிச்சை வேண்டிய கசிவு இருக்கிறதா என்று பார்க்க. லேசான காயத்தில் நரம்பிழைகள் இழுபட்டு, மூளையின் இரசாயனம் குழம்புகிறது. அதனால் பெரும்பாலும் சி.டி. நோர்மலாகத்தான் வரும், காந்தத்தால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் பலருக்கு அப்படியே. நரம்பிழைகளைப் பார்க்கும் விசேட எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் இருக்கின்றன. அவை அடிபட்ட பலரைச் சேர்த்து அடிபடாதவர்களோடு ஒப்பிடத்தான் உதவும், தனி ஆளுக்கு அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல ஏலாது. தலையில் அடிபட்டவர்களுக்கென்று 2018இல் அமெரிக்காவில் அனுமதித்த இரத்தப் பரிசோதனைகூட சி.டி. தேவையா என்று முடிவெடுக்கத்தான். எப்படி அடிபட்டது, நினைவு எவ்வளவு நேரம் தப்பியது, இப்போது என்ன செய்கிறது என்று கேட்டுத்தான் டொக்டர்மார் மூளை குலுங்கினதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

அந்த இடத்தை நான் மன்னிக்க மாட்டேன். காசுக்காக மட்டும் இல்லை. “உறுதிப்படுத்த” என்று எம்.ஆர்.ஐ.க்கும் எழுதித் தந்தார்கள், உடம்பில் இரும்பு ஏதும் இருக்கா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2009இல் யுத்தத்தில் பட்ட செல் பீஸ் (எறிகணைத் துண்டு) அத்தானின் தோளில் இன்னும் இருக்கிறது. வன்னியில் எத்தனை பேர் அப்படி உடம்பில் பீஸோடு திரிகிறோம்! எம்.ஆர்.ஐ.யின் காந்தம் இரும்புத் துண்டை அசைக்கக்கூடியது. கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய்ப் பக்கம் இருந்தால் பெரும் ஆபத்து. ஆரும் கேட்காவிட்டாலும் நீங்களே முதலில் சொல்லுங்கோ. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

அடிபட்டவருக்குத் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டு போகும் தலையிடி, எழுப்ப ஏலாத நித்திரை, வலிப்பு, கை கால் சோர்வு, காதாலோ மூக்காலோ தண்ணி மாதிரி வடிதல் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ.

கிளினிக்கில் சொன்னபடி அத்தான் அந்தக் குளிசைகளை விட்டுவிட்டார். இப்போது நித்திரை வருகிறது, காலையில் வயலுக்கும் போய் வருகிறார். தாளையும் ரசீதையும் இணைத்து தனியார் சுகாதாரச் சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவைக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறோம். உங்களிடமும் இப்படிக் காசு வாங்கியிருந்தால் ரசீதை எறியாமல் நீங்களும் எழுதிப் போடுங்கோ.