ஃபேமிலியாஸ்: உறவைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள்

விண்டோஸ் கணினியில் இயங்கும் ஃபேமிலியாஸ் கட்டணமின்றிக் கிடைக்கிறது. 'இவரே தந்தை', 'இவர் உறவினர் அல்லர்' என்ற இரு கருதுகோள்களுக்கும் உரிய உறவு வரைபடத்தை நாம் கொடுத்தால், மரபணுத் தரவு எதற்கு எத்தனை மடங்கு வலுச் சேர்க்கிறது என்பதைச் சாத்தியக்கூறு விகிதமாகத் தருகிறது.

இதில் நான் பெரிதும் மதிப்பது, பெற்றோரிடமிருந்து குழந்தைக்குக் கடத்தப்படும்போது இயல்பாக நேரும் மரபணு மாற்றத்தைக் கையாளும் விதம். சோதிக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒருவருக்கு இரண்டு எண்கள் இருக்கும்; ஒரு சிறு டிஎன்ஏ துண்டு அடுத்தடுத்து எத்தனை முறை வருகிறது என்பதே அந்த எண். ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தந்தையிடமிருந்தும் வருகிறது. தாய்க்கு 12, 14, குழந்தைக்கு 14, 17, தந்தை எனக் கருதப்படுபவருக்கு 16, 18 என்று ஓர் இடத்தில் அமைந்தால், மாற்றத்தைக் கணக்கில் கொள்ளாத முறையில் விகிதம் சுழியமாகிவிடும். மற்ற இருபது இடங்களும் அழகாகப் பொருந்தியிருந்தாலும் பயனில்லை. ஃபேமிலியாஸில் படிப்படியான மாற்ற மாதிரியைத் தேர்ந்தெடுத்தால், 16 அல்லது 18 ஒரு படி மாறி 17 ஆகியிருக்கும் வாய்ப்பும் கணக்கில் சேர்கிறது. உண்மையான தந்தை ஒருவர் தவறாக விலக்கப்படுவதை இது தடுக்கிறது என்பதால், இதைச் சிறு வசதியாக நான் கருதவில்லை.

பேரிடரில் இறந்தோரை அவர்களுடைய குடும்பத்தாரின் மாதிரிகளோடு ஒப்பிடும் பகுதியும் உண்டு.

குறை என்றால், ஒரே குரோமோசோமில் நெருங்கியிருக்கும் குறியிடங்களின் (சோதிக்கும் இடங்களின்) பிணைப்பை, அதாவது அவை சேர்ந்தே கடத்தப்படும் போக்கை, இது கருதுவதில்லை; உடன்பிறப்பு வழக்குகளில் அதற்கெனத் தனி மென்பொருள் வேண்டியிருக்கும். அல்லீல் நிகழ்வெண்களையும் (ஓர் இடத்தில் ஒவ்வொரு வடிவமும் மக்களிடையே எவ்வளவு பரவலாக உள்ளது என்பதை) சரியான மக்கள்தொகையிலிருந்து நாமே தேர்ந்து உள்ளிட வேண்டும். அந்த அட்டவணை பிழையானால் விடையும் பிழையே.