பாட்டு நடுவில் நிற்கிறதா? ரிப்பீட்டரா, லேன் கேபிளா?

ரவுட்டர் ஹாலில், வைஃபை ஸ்பீக்கர் உள் அறையில், பாட்டு விட்டு விட்டு வருகிறது என்றால் முதலில் போனை ரவுட்டர் பக்கத்தில் வைத்து அதே பாட்டைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் நின்றால் கோளாறு ரவுட்டரிலோ வெளியிலிருந்து வரும் லைனிலோ, அதற்கு ரிப்பீட்டரும் (வைஃபை சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் பெட்டி) லேன் கேபிளும் (ரவுட்டரிலிருந்து இழுக்கும் நெட் ஒயர்) உதவாது. அங்கே நிற்காமல் ஓடினால் உள் அறைக்குச் சிக்னல் சரியாக எட்டவில்லை, அப்போதுதான் இந்த இரண்டில் ஒன்று வேண்டும். நெட் பிளானை உயர்த்துவதும் வீண். 320 கேபிபிஎஸ் என்ற உயர் தரப் பாட்டுக்கு 1 எம்பிபிஎஸ் வேகமே தாராளம், வேண்டியது அறுபடாத இணைப்பு.

செலவு
ரிப்பீட்டர்: ஒரு பெட்டி வாங்கினால் முடிந்தது.
கேபிள்: ஒயர் மலிவுதான், சுவரைத் துளைக்கிற கூலிதான் கூடும். அப்புறம், செம்பு பூசிய அலுமினிய ஒயரைத் தலையில் கட்டுவார்கள், சுத்தச் செம்பு கேட்6 (லேன் கேபிளின் ஒரு தரம்) என்று கேட்டு வாங்குங்கள்.

உறுதி
ரிப்பீட்டர்: சிக்னலை ஒரே பேண்டில் (வைஃபை அலைவரிசையில்) வாங்கி அதிலேயே அனுப்பினால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். பாட்டுக்கு அதுவே போதும், ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடினால் மைக்ரோவேவ் போட்டதும் தடுமாறலாம். சிக்னல் செத்த அறைக்குள் மாட்டாதீர்கள், நல்ல சிக்னல் இருக்கிற பாதி வழியில் மாட்டுங்கள்.
கேபிள்: 100 மீட்டர் வரை கவலையே இல்லை.

சுலபம்
ரிப்பீட்டர்: பிளக்கில் சொருகி, பட்டனை அழுத்தினால் சரி.
கேபிள்: ஸ்பீக்கரில் லேன் போர்ட் இல்லாவிட்டால் பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகத் தரும் பெட்டியாக) மாற்றி அந்த அறையில் வைக்கலாம்.

வாடகை வீடு, சுவரில் கை வைக்க முடியாது என்றால் டூயல் பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் ஓடும்) ரிப்பீட்டர் எடுங்கள். சொந்த வீடு, ஸ்பீக்கர் இடம் மாறாது என்றால் யோசிக்காமல் கேபிள்தான்.