கோத்தகிரி இறக்கமும் ஒரு வலைப் பனியனும்: மூன்று ஆண்டு அனுபவம்

திருப்பூர் நண்பர் போன வாரம் தொலைபேசியில் கேட்டார்: "சைக்கிள் ஜெர்சிக்கு உள்ளே இன்னொரு பனியன் எதற்குங்க? ஊருக்கெல்லாம் பனியன் தைத்துக் கொடுக்கிற எங்களுக்கே இது புரியவில்லை. எப்போது போட வேண்டும், அதை மட்டும் சொல்லுங்கள்." வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் முதன்முறையாகக் கோத்தகிரி ஏறப் போகிறார். ஒரே வரியில் பதில் சொல்ல ஆரம்பித்து அரை மணி நேரம் பேசிவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பவை இரண்டு பேஸ் லேயர்கள், அதாவது ஜெர்சிக்கு உள்ளே தோலோடு ஒட்டிப் போடும் பனியன்கள். பாலியஸ்டர் நூலில் வலைபோலப் பின்னிய, கையில்லாத ஒன்று. மூன்று ஆண்டுகளாகப் போடுகிறேன். மெரினோ என்ற ஆட்டினத்தின் மெல்லிய கம்பளியில் முழுக்கை வைத்த இன்னொன்று. இரண்டு பனிக்காலம் கண்டது. இவற்றுக்கு முன் எல்லோரையும் போல வெறும் பருத்திப் பனியன்தான்.

அந்தப் பருத்திப் பனியனோடு ஒரு டிசம்பர் காலை கோத்தகிரி ஏறினேன். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், கோத்தகிரி ஏறத்தாழ 1,800. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஏறும்போது அந்தக் குளிர் உறைக்கவே உறைக்காது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் மிதிக்கிற உடம்புக்குக் குளிர்காற்று வரம்தான். மேலே போய் டீ குடித்தேன். பத்து நிமிடம் நின்றேன். பனியன் நனைந்த துணிபோல முதுகில் ஒட்டிக் கிடந்தது. அதோடு இறங்க ஆரம்பித்தேன்.

இறக்கத்தில் கால்களுக்கு வேலையில்லை. உடம்பு உண்டாக்கும் சூடு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எதிர்க்காற்றோ 40 கிலோமீட்டர் வேகத்தில் நெஞ்சில் அறைகிறது. ஈரம் ஆவியாகும்போது உடம்பின் சூட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகும். ஏற்றத்தில் நம்மைக் காப்பாற்றிய அதே வியர்வை இறக்கத்தில் நமக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. நாலைந்து வளைவுகள் தாண்டியதும் பற்கள் கிட்டிக்கொண்டன. பிரேக்கைப் பிடித்த விரல்கள் மரத்துப்போயின. நடுக்கத்தில் முன்சக்கரம் ஆட ஆரம்பித்ததும் பயந்துபோய்ச் சாலையோரப் பெட்டிக்கடை ஒன்றில் நிறுத்தினேன். கடையில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு, முந்தின நாள் செய்தித்தாளில் நான்கு தாள்களை எடுத்து மடித்துக் கொடுத்தார். "நெஞ்சுக்குள்ளே வைத்துக்கொள் தம்பி" என்றார். ஐரோப்பாவின் பந்தய வீரர்கள் ஆல்ப்ஸ் கணவாய்களின் உச்சியில் ரசிகர்களிடம் செய்தித்தாள் வாங்கி ஜெர்சிக்குள் செருகிக்கொண்டு இறங்குவார்கள் என்று படித்திருந்தேன். அதை அந்தப் பெரியவர் தன் அனுபவத்தில் அறிந்திருந்தார். அடிவாரத்தின் வெயில் முகத்தில் படும்வரை அந்தத் தாள்கள்தான் என்னைக் கொண்டுவந்து சேர்த்தன.

அதற்கு அடுத்த மாதம் வலைப் பனியன் வாங்கினேன். அதே சாலை, அதே டீக்கடை. ஜெர்சியின் ஜிப்பை இறக்கி உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். ஜெர்சியின் உட்புறம் சொதசொதவென்று இருந்தது. நெஞ்சுத் தோலில் ஈரப் பிசுபிசுப்பு மட்டும். நனைந்த துணியைத் தோலில் படவிடாமல் அந்த வலை ஒரு நூலளவு தள்ளிப் பிடித்திருந்தது. பாலியஸ்டர் நூல் தண்ணீரைக் குடிப்பதில்லை, கடத்திவிடுகிறது. வலையின் ஓட்டைகளில் தங்கும் காற்று தோலுக்கும் ஈரத்துக்கும் நடுவே நிற்கிறது. நார்வே ராணுவ அதிகாரி ஹென்ரிக் புருன் 1933இல் பழைய மீன்வலைகளைக் கோத்து முதல் வலைப் பனியனைச் செய்து பார்த்தாராம். அந்த மனிதரை நான் ஒவ்வோர் இறக்கத்திலும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்கும் குளிர்ந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடுக்கம் வரவில்லை. கை என் பேச்சைக் கேட்டது.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது: காலையில் வீட்டு வாசலில் நின்று குளிர்கிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். வியர்த்து நனைந்த பிறகு நிற்கப் போகிறீர்களா, இறங்கப் போகிறீர்களா என்று பாருங்கள். ஆம் என்றால் போடுங்கள். கோடையானாலும் நீலகிரிக்குப் போடுங்கள். மழைக்காலத்தில் சமவெளியிலும் போடலாம். ஆடிக் காற்றில் பொள்ளாச்சி பக்கம் போகும்போதும் எனக்கு அது சுகமாகவே இருந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் அந்தக் காற்று வியர்வையை நிற்கவிடாமல் உலர்த்திவிடும்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. வாங்கும்போது கடைக்காரர் அடித்துச் சொன்னார்: "கோடையில்தான் சார் இதை அவசியம் போட வேண்டும், உடம்பைக் குளிர வைக்கும்." நம்பி, ஒரு மே மாதம் சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போட்டுக்கொண்டு மாமல்லபுரம் வரை போனேன். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாவதே அரிது. ஆவியாகாத வியர்வை எத்தனை அடுக்குத் துணியில் ஊறினாலும் குளிர்ச்சி தராது. கோவளம் தாண்டுவதற்குள் மூச்சு முட்டியது. நிழலில் ஒதுங்கிக் கழற்றிப் பிழிந்தேன், சொட்டியது. வறண்ட வெயிலுக்குப் பொருந்துகிற பேச்சைக் கடலோரத்துக்கும் சேர்த்து விற்பது நியாயமில்லை. வெயிலில் மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது நாற்றம். இதைப் பற்றி ஒருவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. துவைத்து வெயிலில் காயவைத்து எடுத்தால் சோப்பு வாசம் மட்டும்தான் இருக்கும். போட்டுக்கொண்டு கிளம்பி இருபது நிமிடம் ஆகி உடம்பு சூடேறியதும், பழைய வியர்வை நாற்றம் உயிர்பெற்று எழுந்து கழுத்து வழியே மூக்குக்கு வரும். பாலியஸ்டர் தண்ணீரைத் தள்ளும். தோலின் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். கிருமிகளுக்கு அது போதும். வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் மூன்று, நான்கு பயணங்களுக்குத் தாங்குகிறது, பிறகு பழையபடிதான். துணியை மென்மையாக்கும் திரவத்தைப் போட்டுப் பார்த்தேன். நூலில் படலம் படிந்து ஈரம் கடத்துகிற குணமும் கெட்டது. அதைச் சரிசெய்யப் பல சலவைகள் ஆயின.

மெரினோவில் இந்தத் தொல்லை கிடையாது. தொடர்ந்து மூன்று நாள் போட்டாலும் முகம் சுளிக்க வைக்காது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஊட்டியில் உறைபனி விழுகிற ஜனவரிக் காலையில் அதற்கு இணையில்லை. 4,800 ரூபாய் கொடுத்தேன். அலமாரியில் வைத்திருந்தபோது பூச்சி அரித்து அக்குளுக்குக் கீழே இரண்டு ஓட்டைகள். என் சித்தி அதே நிறக் கம்பளி நூலால், பின்னலின் கண்ணுக்குக் கண் ஊசியை விட்டு, அடைத்துக் கொடுத்தார். விரலால் தடவினால் மட்டும்தான் தெரியும்.

எதை வாங்கினாலும் உடம்போடு ஒட்டி நிற்கிற அளவில் வாங்குங்கள். தளர்ந்து தொங்கினால் ஈரம் கடத்தாது, காசு வீண்.

சொன்னதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் மெரினோவே மேல். நண்பரும் அதைத்தான் வாங்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், வலையையே வாங்குங்கள் என்றேன். அன்றைய டீக்கடையில் நெஞ்சில் கை வைத்துப் பார்த்த அந்தக் கணத்தை வேறெதுவும் எனக்குத் தரவில்லை. வாங்கியது வந்து சேரும்வரை, ஞாயிற்றுக்கிழமைக்கு என் மெரினோவைக் கொடுத்தனுப்புகிறேன். வலையை நான் போட்டுக்கொண்டு வருகிறேன். ஐந்தரை மணிக்கு மேட்டுப்பாளையத்தில் சந்திக்கிறோம். முதுகுப் பையில் நான்கு தாள் செய்தித்தாள் வைத்துக்கொள்ளவும் சொல்லியிருக்கிறேன்.