இரண்டாம் வீட்டின் வரி நிலுவை: தவணையா, தள்ளுபடியா, வில்லங்கமா?

இரண்டாம் வீட்டுக்கான உள்ளாட்சி வரி நிலுவையில் நின்றுவிட்டால், அதை வசூலிக்க நகராட்சிக்கு நான்கு வழிகள் உள்ளன: முழுத் தொகையையும் ஒரே தடவையில் கேட்பது, அபராதத்தையும் வட்டியையும் தள்ளுபடி செய்து அசலை மட்டும் பெறுவது, கடனை வீட்டின் மீது வில்லங்கமாகப் பதிந்துவிட்டு விற்பனை வரை காத்திருப்பது, தவணைகளாகப் பெறுவது. இவற்றுள் தவணையே மேல் என்பது என் நிலைப்பாடு. எனினும் அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்துக் கிடைக்கும் தவணையும், சட்டமே அளவு குறித்துத் தரும் தவணையும் ஒன்றாகிவிடா. முன்னதற்கு இங்கிலாந்தையும் பின்னதற்கு இத்தாலியையும் எடுத்துக்கொள்கிறேன்.

இத்தாலியில் நிலுவை உருவாகும் விதத்தை முதலில் அறிய வேண்டும். அங்கு 'இமு' எனப்படும் நகராட்சிச் சொத்து வரி, சொகுசு வகைகளில் பதிவான வீடுகளைத் தவிர, உரிமையாளர் குடியிருக்கும் வீட்டுக்குக் கிடையாது. ஆகவே வீடுகளைப் பொறுத்தவரை அதன் சுமை பெரும்பாலும் இரண்டாம் வீடுகளின் மீதே விழுகிறது. ஜூன் 16, டிசம்பர் 16 என ஆண்டுக்கு இரு முறை, உரிமையாளர் தாமே கணக்கிட்டுச் செலுத்த வேண்டும். கேட்புச் சீட்டு வீடு தேடி வரும் என்று காத்திருப்பவர் ஏமாந்துபோவார். செலுத்தாமல் விட்ட தொகைக்கான அறிவிப்பை, அது செலுத்த வேண்டிய ஆண்டுக்குப் பின்வரும் ஐந்தாம் ஆண்டின் டிசம்பர் 31 வரை அனுப்ப நகராட்சிக்கு உரிமை உண்டு. அசல், வட்டி ஆகியவற்றுடன், முன்பு 30 விழுக்காடாகவும் 2024 செப்டம்பர் 1 முதலான தவறுகளுக்கு 25 விழுக்காடாகவும் உள்ள அபராதமும் சேர்ந்து, பல ஆண்டுகளின் கணக்கு ஒருசேர வந்து நிற்கக்கூடும். செலுத்தவோ மேல்முறையீடு செய்யவோ 60 நாட்களே அவகாசம். 2020 முதல் அந்த அறிவிப்பே ஜப்தி நடவடிக்கைக்குப் போதுமான ஆவணமாகிவிடுகிறது.

இரண்டாம் வீடு வைத்திருப்பவர் வசதியானவர்தானே, அவருக்கு எதற்குச் சலுகை என்ற கேள்வி நியாயமானது. கடற்கரை விடுதியைப் போல வாடகை ஈட்டும் வீட்டைப் பொறுத்தவரை அதற்கு மறுப்பும் இல்லை. ஆனால் ஆட்கள் வெளியேறிவிட்ட மலைக் கிராமத்தில், உடன்பிறந்தவர்கள் பங்காக மரபுரிமையில் பெற்று, வாங்க ஆளும் வாடகைக்கு ஆளும் இன்றிப் பூட்டிக் கிடக்கும் வீடும் அதே சட்டத்தின் கீழ் இரண்டாம் வீடுதான். சொத்து இருப்பதும் கையில் பணம் இருப்பதும் வேறு வேறு. சொத்தின் மதிப்பைப் பார்த்து விதிக்கப்படும் வரியை மாத வருமானத்திலிருந்து கட்ட வேண்டியிருப்பதே இங்குள்ள இடர்ப்பாடு. தவணை அந்த இடைவெளியை நிரப்புகிறது, வரியைக் குறைப்பதில்லை.

இந்த அளவுகோலில் ஒரே தடவை வசூல் மிக எளிதாகத் தோற்கிறது. கட்ட முடிந்தவர் எந்த முறையிலும் கட்டிவிடுவார்; முடியாதவரிடம் ஜப்தி, ஏலம் என்று போனால், வாங்க ஆளில்லாத வீட்டை நகராட்சி மட்டும் யாருக்கு விற்கும்?

தள்ளுபடித் திட்டத்தின் கவர்ச்சி வேறு வகையானது: குறுகிய காலத்தில் பணம் வந்து சேரும், வழக்குகள் குறையும். அதன் கேட்டை நான் மிகவும் பாரதூரமாகக் கருதுகிறேன். நாள் தவறாமல் கட்டியவர், கட்டாதவரைவிட அதிகமாகக் கொடுத்தவராகிவிடுகிறார். அடுத்த தள்ளுபடி எப்போது வரும் என்று காத்திருக்கும் பழக்கமும் வேரூன்றுகிறது. வில்லங்கப் பதிவு இந்த அநீதியைச் செய்யாது, கடனும் பாதுகாப்பாக இருக்கும்; ஆனால் பணம் எப்போது வரும் என்பது தெரியாது. இங்கிலாந்தில் நிலுவை 1,000 பவுண்டை எட்டினால் நீதிமன்றத்தின் வழியாக வீட்டின் மீது இவ்வாறு பொறுப்புச் சுமத்த இயலும். குப்பை அள்ளவும் தெருவிளக்கு எரியவும் இந்த ஆண்டே பணம் வேண்டிய நகராட்சிக்கு, எப்போதோ நடக்கவிருக்கும் விற்பனை உதவாது.

இனித் தவணையின் இரு வடிவங்கள். இங்கிலாந்தின் உள்ளாட்சி வீட்டு வரியான 'கவுன்சில் டாக்ஸ்' இயல்பாகவே பத்து மாதத் தவணைகளில் செலுத்தப்படுவது. கேட்டால் பன்னிரண்டாகவும் பிரித்துத் தருவார்கள். சிக்கல் தவறிய பிறகே தொடங்குகிறது. ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் வரும். ஏழு நாட்களில் கட்டாவிட்டால், அடுத்த ஏழு நாட்களில் அந்த ஆண்டின் மீதத் தொகை முழுவதும் செலுத்தத் தக்கதாகிவிடும். இருநூறைப் புரட்ட முடியாதவரிடம் ஆயிரத்தைக் கேட்கும் இந்த ஏற்பாடு, யாருக்குத் தவணை மிகவும் தேவையோ அவரிடமிருந்தே அதைப் பறிக்கிறது. அதன்பின் ஏதேனும் ஒப்பந்தம் கிடைப்பது உள்ளாட்சியின் தயவைப் பொறுத்தது. 2025 ஏப்ரல் முதல் அங்கு இரண்டாம் வீடுகளுக்கு நூறு விழுக்காடு வரை கூடுதல் வரி விதிக்கலாம். வேல்ஸில் அந்த உச்சவரம்பு 2023 ஏப்ரல் முதல் 300 விழுக்காடு. வரி இருமடங்காகும்போது நிலுவையும் அதே வேகத்தில் குவியும் என்பதால், இந்தத் தயவுமுறையின் குறை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது.

இத்தாலியின் 160/2019 எண் சட்டம், நகராட்சிக்குத் தனி விதி இல்லாத இடங்களில், எவ்வளவு கடனுக்கு எத்தனை மாதத் தவணை என்பதைத் தானே வகுத்துவிட்டது. 100 யூரோ வரை தவணை இல்லை. 500 வரை அதிகபட்சம் நான்கு. 3,000 வரை ஐந்து முதல் பன்னிரண்டு. 6,000 வரை 13 முதல் 24. 20,000 வரை 25 முதல் 36. அதற்கு மேல் 37 முதல் 72. நகராட்சி தனி விதி இயற்றினாலும், 6,000 யூரோவுக்கு மேற்பட்ட கடனுக்கான உச்ச அளவை 36 தவணைக்குக் கீழே கொண்டுவர இயலாது. விண்ணப்பம் ஏற்கப்பட்டுத் தவணை ஒழுங்காக நடக்கும் வரை புதிய அடமானப் பதிவும் தடுக்கப்படுகிறது. 7,200 யூரோ நிலுவையை 36 மாதங்களில் கட்டினால் மாதம் 200; ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி என்று கொண்டால், குறையும் மீதத்தின் மீது மொத்தமாக ஏறக்குறைய 440 யூரோ சேரும். கடனாளிக்குத் தாங்கக்கூடிய விலை. ஒழுங்காகக் கட்டியவருக்கும் அநீதி இல்லை.

இதன் கண்டிப்பும் எனக்கு உடன்பாடே: ஆறு மாதங்களுக்குள் இரண்டு தவணைகள், தொடர்ச்சியாக இல்லாவிட்டாலும், நினைவூட்டிய பிறகும் தவறினால் உரிமை போய்விடும், அந்தக் கடனை மறுபடி தவணையாக்க முடியாது. நிலைமை மோசமானதை மெய்ப்பிப்பவருக்கு ஒரு முறை நீட்டிப்பு உண்டு. குறையாக நான் காண்பது, 'தற்காலிகமான, புறநிலையான இடர்ப்பாடு' இருப்பதை விண்ணப்பதாரர் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையை. எந்த ஆவணம் போதும் என்பதை அலுவலகத்துக்கு அலுவலகம் தீர்மானிக்க விட்டால், இங்கிலாந்தில் வாசல் வழியே நடமாடும் தயவு இங்கே சன்னல் வழியே நுழைந்துவிடும். 6,000 யூரோ வரையிலான நிலுவைக்கேனும், அந்த வீட்டிலிருந்து வாடகை வருமானம் இல்லை என்ற ஓர் அறிவிப்பை மட்டும் பெற்றுக்கொண்டு தவணை வழங்கலாம். பொய்யென்று தெரிந்தால் மீதம் முழுவதையும் உடனே கேட்கலாம்.